வீட்டில் தேனீ வளர்ப்பு: புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

தேனீ வளர்க்கிறேன் என்று சொன்னால் போதும், "கொட்டாதா?" என்று கேட்பார்கள், அடுத்த மூச்சில் "எவ்வளவு தேன் எடுப்பீர்கள்?" என்பார்கள். இரண்டுக்கும் கீழே பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் பார்த்த வரை, ஆரம்பித்த ஆறேழு மாதத்தில் கைவிடுகிறவர்களில் கொட்டுக்குப் பயந்து விட்டவர்கள் குறைவு. பெட்டியைத் திறந்தால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தினமும் திறந்து தேனீக் குடும்பத்தைக் கலைத்தவர்களும், எதற்கு வம்பு என்று திறக்காமலே விட்டு இழந்தவர்களும்தான் அதிகம். அதனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

இடம் குறைவு. மொட்டை மாடி போதுமா?

போதும். ஒரு ஸ்டூல் வைக்கும் இடத்தில் பெட்டி நின்றுவிடும், பின்பக்கம் நீங்கள் நின்று வேலை பார்க்க இடம் இருந்தால் சரி. இடத்தின் அளவைவிட முக்கியம், தேனீ போய் வரும் வழி. பெட்டியின் வாசலுக்கு நேர் எதிரே ஆட்கள் நடக்கும் பாதையோ துணி காயும் கொடியோ இருக்கக் கூடாது. வேறு வழியே இல்லை என்றால் வாசலுக்குச் சில அடி தள்ளி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தட்டியோ செடி வேலியோ வையுங்கள். வெளியே வரும் தேனீ அதைத் தாண்ட மேலே ஏறும், ஏறிய உயரத்திலேயே போய்விடும், கீழே நடக்கிறவர் முகத்தில் மோதாது. காலை வெயில் படட்டும், உச்சி வெயில் படக் கூடாது. மாடி என்றால் காற்று பலமாக அடிக்கும், மூடியின் மேல் ஒரு கல் வைத்துவிடுங்கள். ராத்திரியில் பெட்டி இருக்கும் பக்கம் விளக்கு எரிந்தால் தேனீ விளக்கைத் தேடி வரும், அதையும் கவனியுங்கள்.

தண்ணீர் மட்டும் பெட்டி வருவதற்கு முன்பே இருக்க வேண்டும். அகலமான தட்டில் கூழாங்கல் போட்டு, கல் பாதி நனையும்படி ஊற்றினால் தேனீ கல்லில் உட்கார்ந்து குடிக்கும், மூழ்கிச் சாகாது. என் முதல் குடும்பம் வந்து நாலு நாள் கழித்துத்தான் தண்ணீர் வைத்தேன், அதற்குள் அவை பக்கத்து வீட்டுக் குழாயடிக்குப் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு கோடை முழுக்க ஆனது, பக்கத்து வீட்டாரிடம் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டேன் என்று கணக்கே இல்லை.

பல இடங்களில் வீட்டில் தேனீ வைப்பதற்குப் பதிவு, தூரம் என்று விதிகள் உண்டு. பெட்டி வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் இல்லையே, தேனீ எதைச் சாப்பிடும்?

உங்கள் பத்துத் தொட்டிச் செடிகளை நம்பி எந்தக் குடும்பமும் வாழ்வதில்லை. மேற்கத்தியத் தேனீ சாதாரணமாகவே இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் வரும், ஆசியத் தேனீ அதைவிடக் குறைந்த தூரம். ஆகவே பார்க்க வேண்டியது சுற்றுவட்டாரத்தில் என்னென்ன மரம், எந்த மாதம் பூக்கிறது, எந்த மாதம் ஒன்றுமே பூப்பதில்லை என்பதைத்தான். பூக்காத அந்த மாதங்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள், பின்னால் சர்க்கரைப் பாகு பற்றிச் சொல்லும்போது உதவும்.

எந்த இனத்தை வளர்ப்பது?

பெட்டியில் வைக்கும் கொட்டும் தேனீ இரண்டு இனம்தான்: ஏபிஸ் மெல்லிஃபெரா என்ற மேற்கத்தியத் தேனீ, ஏபிஸ் செரானா என்ற ஆசியத் தேனீ. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டி வாழ்கிறவை, பெட்டிக்குள் தங்காது. மெல்லிஃபெரா பெரியது, தேன் அதிகம் சேர்க்கும், ஆனால் தீனியும் கவனிப்பும் நிறைய கேட்கும். செரானா சிறியது, தேன் குறைவு, சீண்டினால் கூட்டையே விட்டுக் கிளம்பிவிடும் குணம் உண்டு, ஆனால் வரோவா என்ற, தேனீயின் மேல் ஒட்டி வாழும் உண்ணியைத் தானே சமாளித்துக்கொள்ளும். உங்கள் பகுதியில் தானாகவே வாழ்கிற இனம் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஒரு விஷயம்: இரண்டு இனத்துக்கும் பெட்டி அளவு வேறு, சட்டங்களுக்கு இடையிலான இடைவெளியும் வேறு, ஒன்றின் பெட்டியில் இன்னொன்றை வைக்காதீர்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

கீழே அடிப்பலகை, அதன் மேல் புழு அறை, அதன் மேல் தேன் அறை, கடைசியில் மூடி. அறைகளுக்குள் மரச் சட்டங்கள் தொங்கும், ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அடை. அடையில் இருக்கும் சின்னச் சின்ன மெழுகுக் குழிகளையும் அறை என்றுதான் சொல்வோம், முட்டை, புழு, தேன் எல்லாம் அவற்றுக்குள்தான். ராணி மேலே ஏறித் தேன் அறையில் முட்டையிடாமல் இருக்கச் சிலர் நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைப்பார்கள், சின்ன உடம்பு வேலைக்காரத் தேனீ அதன் வழியே நுழையும், ராணி நுழைய முடியாது.

இந்தச் சட்டங்களை உருவி எடுக்க முடிகிறது என்பதே ஒரு பெரிய விஷயம். 1851-இல் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கர் ஒன்றைக் கவனித்தார்: சுமார் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டால் தேனீ அதை நடைபாதையாக வைத்துக்கொள்கிறது, அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து அடைக்கிறது, கூடினால் அடை கட்டி நிரப்புகிறது. அந்த அளவை விட்டுச் சட்டத்தைத் தொங்கவிட்டதால்தான் கூட்டை வெட்டாமல், யாரையும் கொல்லாமல் உள்ளே பார்க்க முடிகிறது. அதனால் நீங்களே பெட்டி செய்கிறீர்கள் என்றால் மரம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, உள் அளவு மட்டும் பிசகக் கூடாது.

ஒரு பெட்டியா, இரண்டா?

இரண்டு. ஒரே பெட்டி இருந்தால் அது நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? இரண்டு இருந்தால் ஒன்று மகரந்தம் கொண்டுவரும்போது மற்றது சும்மா இருப்பது உடனே தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குடும்பத்தில் ராணி இறந்துவிட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை எடுத்துக் கொடுக்கலாம், அவை அதிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும். ராணியாவதும் வேலைக்காரியாவதும் ஒரே முட்டைதான், வித்தியாசம் அறையிலும் ஊட்டும் உணவிலும். முட்டையிலிருந்து ராணி வெளியே வர 16 நாள், வேலைக்காரத் தேனீ வர 21 நாள், ஆண் தேனீ வர 24 நாள். இது மெல்லிஃபெராவின் கணக்கு, மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள், பாதிச் சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும்.

பெட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்க வேண்டும்? திறந்து என்ன பார்ப்பது?

மெல்லிஃபெரா என்றால் பூக்காலத்தில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, மற்ற காலத்தில் அதைவிடக் குறைவாக. செரானாவை இன்னும் குறைவாக. மழை, பலத்த காற்று, குளிர், மாலை இருட்டும் நேரம் இவற்றில் திறக்காதீர்கள். நல்ல வெயிலில், பாதித் தேனீ வெளியே போயிருக்கும் நேரம்தான் சரி. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் மூடிவிட வேண்டும், ஏனென்றால் உள்ளே புழு இருக்கும் இடத்தை அவை சுமார் 34, 35 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கின்றன, நாம் மூடியை எடுத்ததும் அந்தக் கதகதப்பு போய்விடுகிறது.

ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்துப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். அப்போதுதான் உள் சட்டங்களை நகர்த்த இடம் கிடைக்கும், யாரும் நசுங்க மாட்டார்கள். அப்புறம் நடுவில் இருக்கும் ஒன்றை நேராக, மெதுவாகத் தூக்குங்கள். சட்டத்தைப் படுக்கையாகத் திருப்பாதீர்கள், புது மெழுகு தேனின் கனம் தாங்காமல் அப்படியே விழுந்துவிடும். பெட்டிக்கு மேலேயே பிடியுங்கள், ராணி தவறி விழுந்தாலும் பெட்டிக்குள்ளேயே விழட்டும்.

இப்போது வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அறைகளுக்குள் விழும்படி சட்டத்தைக் கொஞ்சம் சாயுங்கள். காலி போலத் தெரியும் அறையின் அடியில் வெள்ளையாக, நூல் துண்டு போல ஒன்று நிற்கும். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். அதுதான் முட்டை. முதல் நாள் செங்குத்தாக நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும், பிறகு பொரியும். ஆகவே நிற்கிற முட்டையைப் பார்த்துவிட்டால் நேற்றோ இன்றோ ராணி இங்கே நடந்திருக்கிறாள் என்று அர்த்தம், அவளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. இதைக் கண்ணால் பார்க்கப் பழக எனக்கு மூன்று முறை ஆனது. முதல் முறை தெரிந்தபோது கை நடுங்கிச் சட்டத்தைத் திரும்ப வைத்தேன், அந்தச் சந்தோஷம் இன்னும் அப்படியே இருக்கிறது.

முட்டைக்கு அடுத்துப் புழு. முத்து வெள்ளையில் பிறை போல வளைந்து, பால் போன்ற உணவில் மிதந்துகொண்டு பளபளவென்று இருந்தால் நல்லது. மஞ்சளாக, பழுப்பாக, சரிந்து கிடந்தால் நோய். மூடிய அறைகள் இடைவெளி இல்லாமல் ஒரே பரப்பாக இருந்தால் ராணி நன்றாக இருக்கிறாள், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் யோசிக்க வேண்டும். ஆண் தேனீ அறை மட்டும் குமிழ் போல மேலே எழும்பி நிற்கும். செரானாவில் அந்த மூடியின் நடுவே ஊசி குத்தியது போல ஒரு துளையும் இருக்கும். அது இயல்பு. அதைப் பார்த்து நோய் என்று பதறி அடையை வெட்டி எறிந்தவர்கள் உண்டு.

பிறகு சாப்பாடு: புழுவைச் சுற்றி வளைவாக மகரந்தம், அதற்கு மேல் தேன். கடைசியாக இடம்: முட்டையிடவும் தேன் வைக்கவும் காலி அறை இருக்கிறதா என்று. முட்டை, புழு, சாப்பாடு, இடம். இந்த நாலும் தெரிந்ததும் மூடிவிடுங்கள், மீதிச் சட்டங்களை எடுக்கத் தேவையில்லை. பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அடுத்த முறை வந்து பார்க்கும்போது போன முறை எப்படி இருந்தது என்று நிச்சயம் நினைவு இருக்காது.

ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை இருக்கிறது. நல்லதுதானே?

இல்லை. ராணி ஓர் அறைக்கு ஒன்றுதான், அடியின் நடுவில் இடுவாள். (புதிதாக முட்டையிட ஆரம்பித்த ராணி சில நாள் தடுமாறலாம்.) பல முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டிக் கிடந்தால் ராணி போய் வெகுநாள் ஆகி வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அவை புணராதவை, அதனால் அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும். இந்த நிலையில் புது ராணியை விட்டால் பெரும்பாலும் கொன்றுவிடும். வாரா வாரம் இரண்டாவது பெட்டியிலிருந்து முட்டையும் புழுவும் உள்ள சட்டம் ஒன்று கொடுத்துக்கொண்டே வாருங்கள், சில வாரத்தில் அவை ராணி அறை, அதாவது புது ராணியை வளர்க்கும் தனி அறை, கட்டத் தொடங்கலாம்.

ராணி முதுகில் வண்ணப் புள்ளி வைக்கிறார்களே, ஏன்?

வயது தெரிவதற்கு. வருடத்தின் கடைசி எண் 1, 6 என்றால் வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். உலகம் முழுக்க இதே வரிசைதான்.

சரி, கொட்டுமா?

கொட்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் கொட்டும், அதை ஒத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். முகவலை கட்டாயம், அதில் சமரசமே வேண்டாம், கண்ணிலும் வாய்க்குள்ளும் கொட்டு வாங்கினால் ஆபத்து. வெளிர் நிற உடை போடுங்கள், கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள்.

கொட்டியதும் கொடுக்கு தோலில் மாட்டிக்கொண்டு நஞ்சுப்பையோடு பிய்ந்து நிற்கும், தேனீ போன பிறகும் அந்தப் பை துடித்துத் துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டியோ கிள்ளியோ எப்படியாவது உடனே எடுங்கள், எப்படி எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம் என்பதுதான் கணக்கு. அந்த இடத்திலிருந்து வாழைப்பழ வாசம் வரும். அது மற்றத் தேனீக்களைக் கூப்பிடும் எச்சரிக்கை வாசனை, அதே இடத்தில் அடுத்த கொட்டும் விழும். எனவே அந்த இடத்தில் புகை அடித்துவிட்டு, நிதானமாகப் பின்வாங்குங்கள். கையை வீசாதீர்கள்.

கொட்டிய இடம் இரண்டு மூன்று நாள் வீங்கி அரிப்பது சாதாரணம். ஆனால் உடம்பு முழுக்கத் தடிப்பு, முகமும் நாக்கும் வீங்குவது, தொண்டை அடைப்பது, மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், உயிர் போகிற விஷயம் அது. வீட்டில் யாருக்காவது முன்பு அப்படி ஆகியிருந்தால் மருத்துவரிடம் பேசாமல் பெட்டி வாங்காதீர்கள். தனியாக இருக்கும்போது பெட்டியைத் திறக்காமல் இருப்பதும் நல்லது.

புகை எதற்கு? தேனீ மயங்குமா?

மயங்காது. புகை அந்த எச்சரிக்கை வாசனையை மறைக்கிறது, அதோடு தேனீக்கள் கூட்டை விட்டுப் போக நேரலாம் என்று தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்கின்றன. வாசலில் இரண்டு ஊதல், ஒரு நிமிடம் பொறுத்து மூடிக்கு அடியில் ஒன்று, போதும். புகைப்பானிலிருந்து வரும் புகையை முதலில் உங்கள் கையில் அடித்துப் பாருங்கள், சுட்டால் தேனீயையும் சுடும். காய்ந்த நார், சருகு, பழைய சணல் சாக்கு நன்றாகப் புகையும்.

எப்போது தேன் எடுக்கலாம்?

முதல் வருடம் எடுக்காதீர்கள். இதைச் சொன்னால் நிறைய பேருக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் சொல்வேன். புதுக் குடும்பம் அடை கட்டவே ஏராளமான தேனைச் செலவு செய்கிறது, அதன் சேமிப்பில் கை வைத்தால் பூக்காத மாதத்தில் பட்டினிதான். பூக்காலத்தில் ஒரு வேலைக்காரத் தேனீ சுமார் ஆறு வாரம் உயிரோடு இருக்கும், அந்த ஆயுள் முழுக்க ஓடி அது சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு தேன் என்பார்கள். அதை நினைத்துக்கொண்டு எடுங்கள்.

அடுத்த வருடம் எடுக்கும்போது, தேன் அறையில் உள்ள சட்டங்களை மட்டும், முக்கால்வாசிக்கு மேல் மெழுகு மூடியிருந்தால் மட்டும். மூடாத தேனில் ஈரம் அதிகம், 20 சதவீதத்தைத் தாண்டினால் புளித்துப் பொங்கிவிடும். சந்தேகம் இருந்தால் சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள் (நல்ல பழைய அடை என்றால் மட்டும்), துளித்துளியாகத் தெறித்தால் இன்னும் பக்குவம் ஆகவில்லை.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனையும், வீட்டுத் தேன் என்றாலும், நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கும்.

சர்க்கரைப் பாகு கொடுப்பது கலப்படம் இல்லையா?

தேன் அறை மேலே இருக்கும்போது கொடுத்தால் அப்படித்தான் ஆகும், கொடுக்காதீர்கள். பூக்காத மாதங்களில் உள்ளே சேமிப்புத் தீர்ந்துவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். புழு வளர்க்கும் காலத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, குளிருக்குச் சேமிக்க வேண்டும் என்றால் சர்க்கரை இரண்டு பங்கு. வெள்ளைச் சர்க்கரை மட்டும், வெல்லமும் பழுப்புச் சர்க்கரையும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும். சாயங்காலம், பெட்டிக்கு உள்ளேயே வையுங்கள், வெளியே சிந்தினால் வேறு கூட்டுத் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும். வெளியில் வாங்கிய தேனை மட்டும் ஊட்டவே கூடாது, புழு அழுகல் நோயின் விதைகள் அதில் இருக்கலாம், அவை பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும்.

பெட்டியிலிருந்து கூட்டமாகக் கிளம்பிவிட்டன. என்ன தவறு செய்தேன்?

எது நடந்தது என்று முதலில் பாருங்கள். பாதித் தேனீயும் ராணி அறைகளும் உள்ளே இருந்தால் அது குடி பிரிதல். குடும்பம் பெருகி இடம் போதாமல் பழைய ராணி ஒரு கூட்டத்தோடு புது வீடு தேடிப் போகிறாள், பயப்படத் தேவையில்லை. பக்கத்துக் கிளையில் கொத்தாகத் தொங்கும், அந்த நேரத்தில் வயிறு நிறையத் தேனோடு மிகவும் சாந்தமாகவே இருக்கும், ஒரு காலிப் பெட்டியை அடியில் பிடித்துக் கிளையை ஒரே உலுக்கு உலுக்கினால் கிடைத்துவிடும். பூக்காலத்தில் இடம் கொடுத்துக்கொண்டே இருந்தால் இதைக் குறைக்கலாம்.

உள்ளே ஒன்றுமே இல்லை, அடை மட்டும் காலியாக நிற்கிறது என்றால் அது ஓட்டம். எறும்பு, மெழுகுப்பூச்சி, வெயில், பட்டினி, அடிக்கடி திறப்பது, இவற்றில் ஏதோ ஒன்று தாங்க முடியாமல் போயிருக்கிறது. என் முதல் செரானா குடும்பம் அப்படித்தான் போனது. ஆசையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பதினெட்டாம் நாள் காலை வாசலில் ஒரு தேனீ இல்லை.

பூச்சி, நோய்?

எறும்புக்குப் பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், கிண்ணத்தில் சருகு விழுந்து பாலமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகுப்பூச்சி அடையில் நூலாம்படை போலச் சுரங்கம் போடும், ஆனால் வலுவான குடும்பம் அதை விடாது, தேனீ மொய்க்காத காலி அடைகளை வெளியே எடுத்துவிட்டாலே போதும்.

மெல்லிஃபெரா வைத்திருந்தால் வரோவா உண்ணியை எண்ணியே ஆக வேண்டும், பார்வைக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். இந்த உண்ணி செரானாவில் இருந்து வந்தது. அதில் பெரும்பாலும் ஆண் புழுவில்தான் பெருகும், மெல்லிஃபெராவில் வேலைக்காரப் புழுவிலும் பெருகுவதால்தான் குடும்பமே அழிகிறது. அரைக் கோப்பை தேனீயை, அதாவது சுமார் 300, வலை மூடி போட்ட ஜாடியில் எடுத்து (ராணி அதில் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள்) பொடித்த சர்க்கரை தூவி உருட்டிக் கவிழ்த்து உலுக்கினால் உண்ணிகள் சர்க்கரையோடு உதிரும், தேனீக்கள் உயிரோடு திரும்பப் போகும். 100 தேனீக்கு மூன்று என்ற கணக்கை எட்டினால் மருந்து பற்றி உடனே பேச வேண்டும்.

இறந்த புழுவில் தீக்குச்சியை விட்டு இழுத்தால் நூல் போல நீண்டு வருகிறதா? அது அமெரிக்கப் புழு அழுகல். பல நாடுகளில் இதை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கட்டாயம், அந்தப் பெட்டியின் எந்தப் பொருளையும் வேறு பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பெட்டியைத் தோட்டத்தின் அந்த மூலைக்கு மாற்றலாமா?

ஒரேயடியாக மாற்றாதீர்கள். தேனீ பெட்டியை ஞாபகம் வைப்பதில்லை, இடத்தைத்தான் ஞாபகம் வைக்கிறது. தினமும் இரண்டு மூன்று அடிக்குள் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்ச் சில வாரம் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

தேனீ வளர்த்தால் இயற்கையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லலாமா?

சுற்றியுள்ள செடிகளுக்கு மகரந்தச் சேர்க்கை நடக்கும், உண்மை. ஆனால் உலகில் 20,000-க்கு மேல் தேனீ இனங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை மண்ணிலும் மரப்பொந்திலும் தனியாக வாழ்கிறவை, யாரும் பெட்டி செய்து தருவதில்லை. பூ குறைவான இடத்தில் நாம் பெட்டிகளை அடுக்கினால் அவற்றின் சாப்பாட்டில்தான் பங்கு கேட்கிறோம். இரண்டு பெட்டியோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாவதுக்கு வைத்த பணத்தில் பூச்செடி வாங்கி நடுங்கள், பூச்சி மருந்து அடிக்காதீர்கள்.

பத்து நாள் வெளியூர் போக வேண்டும், யார் பார்த்துக்கொள்வது?

யாரும் வேண்டாம், இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் வசதி. கிளம்பும் முன் எறும்புக் கிண்ணங்களை நிரப்புங்கள், தண்ணீர்த் தட்டுக்கு மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். பூக்காலத்தின் உச்சத்தில் போகிறீர்கள் என்றால் ஒரு தேன் அறையைக் கூடுதலாக ஏற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் நேராகப் பெட்டியைத் திறக்காமல் கால்மணி நேரம் வாசல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள், காலில் மகரந்தம் சுமந்து வந்துகொண்டிருந்தால் அன்றைக்கு மூடியைத் தொட வேண்டியதில்லை.